டீச்சரின் இடது கால்

தாப்பா
11.2.2024

சாந்தினிக்கு, உன் அண்ணி சரளா குப்புறப் படுத்தபடி எழுதுவது. இடுப்பைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் சௌக்கியம். உன் உடம்பு எப்படி? செமோரில் உன் வீட்டுக்காரர் தானே சமைத்துச் சாப்பிடுகிறாரா, இல்லை மூன்று வேளையும் கடை மீகூன்தானா?

போனில் பேசினால் "டீச்சர் கூப்பிடுறாங்க அண்ணி" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். பாதியில் மடித்து வைத்தாலும் அது மேசைமேல் கிடந்து உன்னை முறைக்கும். எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழையைக் கண்டுகொள்ளாதே. உன் அண்ணன் காய்கறி லாரியில் வாரம் இரண்டு தடவை ஈப்போ பாசாருக்கு வருகிறாரே, அவர்தான் இனி நம் தபால்காரர். பிரித்துப் படித்துவிடுவாரோ என்று பயப்படாதே. படிக்கச் சொன்னாலே தூங்கிவிடுகிற மனுஷன்.

தைப்பூசத்துக்கு மறுநாள் நடந்ததை நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். டோரிஸ் டீச்சரைக் குளியலறை நாற்காலியிலிருந்து தூக்கினேன். ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தூக்குகிறவள்தான். அன்றைக்கு இடுப்பில் டக்கென்று ஒரு சத்தம். ஆனால் டீச்சரைக் கீழே விடவில்லை. கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத்தான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

"எழுந்திரு லா சரளா, தரை ஈரம்" என்றார்கள்.

"நீங்க வந்து தூக்குங்க டீச்சர், எத்தனை நாளைக்கு நானே தூக்குறது?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தபோதுதான் வலி தெரிந்தது.

மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாதாம், டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை நீ அங்கே இரு. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்தத் துண்டு நீ. கோபப்படாதே, நல்ல துண்டு. புதுத் துண்டு.

டீச்சர் எழுபத்தெட்டுக் கிலோ. வலது பக்கம் முழுக்கப் பக்கவாதம். தூக்கும்போது நன்றாகக் குனிந்து, இடது கையால் உன் கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல். பிறகு மூன்று எண்ணித் தூக்கு. இடுப்பில் பெல்ட் போட்டுத் தூக்குவது, கயிறு கட்டி இழுப்பது எதுவும் வேண்டாம். "நான் என்ன அரிசி மூட்டையா?" என்று கேட்பார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டால்தான் அவர்களுக்கு நம்பிக்கை. அவர்கள் மகன் கிளென் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தால் எல்லாம் நல்லபடி என்று மட்டும் சொல்.

இப்படிக்கு, திரும்பிப் படுக்கக்கூட ஆள் தேடும்
அண்ணி சரளா


ஈப்போ
18.2.2024

மதிப்பிற்குரிய அண்ணிக்குச் சாந்தினி வணக்கம். உங்கள் இடுப்பு குணமாக வேண்டும் என்று அம்மனிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே நான் நலம், டீச்சரும் பரவாயில்லை.

பரவாயில்லை என்று எழுதினேனே தவிர, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கஞ்சி வைத்தால் "சரளா வைக்கிற மாதிரி இல்லை" என்று கிண்ணத்தைத் தள்ளுகிறார்கள். என் கழுத்து குட்டையாம். "பிடிக்க இடமே இல்லையே, உன்னை எங்கே பிடிக்கிறது?" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் சொன்னபடியே குனிந்துதான் தூக்குகிறேன். முழுப் பாரமும் என்மேல் விழுகிறது. சாயங்காலத்துக்குள் நிமிர முடிவதில்லை. ஆறு வருஷம் எப்படித் தூக்கினீர்கள் அண்ணி? ஏதாவது வழி இருந்தால் எழுதுங்கள். டாக்டர் மறுபடி என்ன சொன்னார்?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
சாந்தினி


தாப்பா
22.2.2024

என் நாத்தனார் சாந்தினிக்கு, சரளா எழுதுவது. நான் நலம். இந்த வாரம் சுவரைப் பிடிக்காமல் கழிவறைக்குப் போய்வந்தேன், உன் அண்ணன் கை தட்டினார்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். டீச்சர் சாப்பிடவில்லை என்ற இடத்தை மட்டும் ஐந்து தடவை. பாவம் டீச்சர். பாவம் என்று எழுதும்போது எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு, அதை உன்னிடம் மறைப்பானேன்? கழுத்து குட்டை என்றார்களா? உன் கல்யாணத்தில் மாலை போடும்போதே நான் கவனித்தேன், நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை.

கஞ்சியில் இஞ்சியைத் தட்டிப் போடு, துருவிப் போடாதே. சாப்பிடுவார்கள்.

தூக்குவதற்கு வழி கேட்டாய். இருக்கிறது. அதைச் செய்தால் பாரம் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அதை நான் திரும்பி வந்த பிறகு சொல்கிறேன். எல்லாவற்றையும் உனக்கே கொடுத்துவிட்டால் அப்புறம் அங்கே எனக்கு என்ன வேலை? கொஞ்சம் தொழில் ரகசியம் என் கையில் இருக்கட்டும். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொள், எனக்காக.

டாக்டர் என்ன சொல்வார், ரெஸ்ட் எடு என்கிறார். எடுக்கிறேன்.

டீச்சரின் தலையைக் கோதி நான் கேட்டதாகச் சொல்.

உன் நெட்டைக் கழுத்து அண்ணி
சரளா


ஈப்போ
10.3.2024

அன்பான அண்ணிக்குச் சாந்தினி எழுதுகிறேன். எல்லோரும் நலமாக இருக்கிறோம். அண்ணனிடம் டீச்சர் கொடுத்த பிஸ்கட் டின்னைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன், பாதியைத் தின்றுவிட்டுத்தான் கொடுப்பார்.

இஞ்சி தட்டிப் போட்டேன், சாப்பிட்டார்கள். இப்போது இரண்டாம் தடவையும் கேட்கிறார்கள். மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் டாம் விளையாடுகிறோம். இடது கையாலேயே காய் நகர்த்தி என்னை ஏழு தடவை தோற்கடித்துவிட்டார்கள். நேற்றுச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. முடி நீளமாக இருந்து தலையணையில் சிக்கியது, அதனால் காதுவரை வெட்டிவிட்டேன். கண்ணாடி காட்டினால் "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றார்கள்.

ஈஸ்டருக்குத் தேவாலயம் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். "ரெண்டு வருஷமா சரளாகிட்ட கேட்டேன், காடியில ஏத்தி இறக்க முடியாதுன்னுட்டா" என்றார்கள். கார் பிடிக்கலாம், பார்க்கலாம் டீச்சர் என்று சொல்லியிருக்கிறேன்.

தூக்குவதெல்லாம் பழகிவிட்டது. அந்த வழியை நீங்கள் எழுத வேண்டியதில்லை அண்ணி.

வணக்கத்துடன்
சாந்தினி


தாப்பா
14.3.2024

சாந்தினிக்கு. நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், டாம் விளையாடுகிறவளுக்கு என்ன குறை?

யாரைக் கேட்டு முடியை வெட்டினாய்? ஆறு வருஷம் அந்த முடியில் எண்ணெய் வைத்துப் பின்னியவள் நான். சிக்கெடுத்தால் வலிக்கும் என்று நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவேன். ஒரு போன் பண்ணி "வெட்டட்டுமா அண்ணி" என்று கேட்டிருக்கலாம். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

பத்து வயது குறைந்த மாதிரி என்றார்களா. என்னிடம் சொன்னதில்லை.

தேவாலயப் பேச்சை இத்தோடு விடு. காடி சீட்டு எவ்வளவு தாழ்வாக இருக்கும் தெரியுமா? உள்ளே பாதி உடம்பை நுழைத்து, இடுப்பை முறுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். முடியாது என்று நான் சொன்னது சோம்பேறித்தனத்தால் இல்லை. என்னால் முடியாததா உன்னால் முடியப் போகிறது?

இப்போதெல்லாம் விடிகாலையில் எழுந்து டீச்சருக்கு மாத்திரை நேரமாயிற்றே என்று கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்துவிடுகிறேன். பக்கத்தில் உன் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கிறார். அவருக்கு ஒரு மாத்திரையும் இல்லை.

பிஸ்கட்டில் உப்பு அதிகம்.

சரளா


ஈப்போ
7.4.2024

அண்ணிக்கு வணக்கம். நலம். நீங்கள் நலமா?

ஈஸ்டருக்கு டீச்சரைத் தேவாலயத்துக்கு அழைத்துப்போய் வந்தேன். எல்லோரும் வந்து கை கொடுத்தார்கள். டீச்சர் அழுதார்கள், சந்தோஷத்தில்.

வேறு செய்தி இல்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லையே.

சாந்தினி


தாப்பா
15.4.2024

செமோர் மகாராணி சாந்தினிக்கு, தாப்பாவில் ஒதுங்கிக் கிடக்கும் சரளா எழுதுவது. நேற்றுப் புத்தாண்டுக்குப் பாயாசம் வைத்தோம், உடம்பு தேவலை.

நாலு வாரம் கழித்து ஒரு கடிதம். அதுவும் எண்ணி ஆறேழு வரி. எழுத்தா அது? ஒவ்வொரு வரியும் சரிந்து கீழே போகிறது, ஓடுகிற லாரியில் உட்கார்ந்து எழுதினாயா? மூன்றாம் படிவம்வரை படித்தவள் என்று உன் அண்ணன் ஊரெல்லாம் பெருமையடித்தார். அண்ணிக்கு இதுவே போதும் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது.

தாளை முகர்ந்தால் ஒரே கோயோக் வாசம். டீச்சருக்கு வலிப் பிளாஸ்திரி ஒட்டுகிறாயா? அவர்களுக்கு அந்த வாசம் ஆகவே ஆகாது, தலைவலி வரும். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. இப்படி நூறு விஷயம் எனக்குத் தெரியும்.

ஈஸ்டர் அன்று எடுத்த படத்தை உன் அண்ணன் போனில் காட்டினார். டீச்சர் நீல கவுனில் இருக்கிறார்கள். அந்த கவுனை நான் வாங்கிக் கொடுத்தபோது "எங்கே போகப் போறேன், எதுக்கு இது" என்று பெட்டியில் வைத்தவர்கள். பக்கத்தில் நீ நிற்கிறாய். மகள் மாதிரி இருக்கே என்று உன் அண்ணன் சொன்னார். அன்றைக்கு ராத்திரி அவருக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை.

மூன்று மாதம் முடியப் போகிறது. மே முதல் வாரம் வருகிறேன். துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இரு.

சரளா


தாப்பா
19.5.2024

சாந்தினி, நீ நலமில்லை என்று தெரிந்துகொண்டே இதை எழுதுகிறேன், அதனால் நலமா என்று கேட்க வாய் வரவில்லை.

மே முதல் வாரம் போய்விட்டது. நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீயும் கேட்கவில்லை. ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, இவளுக்கு அவ்வளவு திமிரா என்று வீட்டுச் சட்டிப்பானையிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை உன் அண்ணன் ஈப்போவிலிருந்து வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை.

"என்னா?" என்றேன்.

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாததுக்கு எதுக்கு இவ்வளவு நேரம் பிசையிறீங்க?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

"சத்தியம் வாங்குனவ அங்க இருக்கா. நான் இங்க இருக்கேன். கரண்டியும் என் கையில இருக்கு."

அப்புறம் சொன்னார். அடுப்படி வாசலில் நீ உட்கார்ந்து, அவர் உனக்குத் தலை சீவிவிட்டாராம். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லையாம் உனக்கு. கோப்பியைக்கூட இடது கையால்தான் ஊற்றினாயாம். "என் தங்கச்சிக்குச் சின்ன வயசில சீவிவிட்டது லா, இப்ப ரப்பர் பேண்ட் போடக்கூட எனக்குத் தெரியலை" என்றார். அந்த மனுஷன் அழுது நான் பார்த்தது அவர் அம்மா போனபோதுதான்.

கோயோக் உனக்குத்தான். கோணல் எழுத்தும் அதனால்தான். நான் என்னவெல்லாம் எழுதிவிட்டேன்.

சாந்தினி, ரகசியத்தை இப்போதே எழுதுகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. டீச்சருக்கு வலது கால்தான் செத்துப்போனது, இடது காலில் தெம்பு இருக்கிறது. நீ முன்னால் நின்று உன் முழங்காலை அவர்கள் இடது முழங்காலில் முட்டுக்கொடு. மூன்று எண்ணியதும் தூக்காதே. காத்திரு. மனதுக்குள் இன்னொரு நாலு எண்ணு. அவர்களே காலை ஊன்றி எழுவார்கள். அப்போது நீ கூடப் போனால் போதும். அவ்வளவுதான் ரகசியம். இரண்டு வரி. பிப்ரவரியில் நீ கேட்டபோதே எழுதியிருக்கலாம். நீ திணறினால் டீச்சர் என்னைத் தேடுவார்கள் என்று எழுதாமல் விட்டேன்.

இன்னொன்று. டாக்டர் என்ன சொன்னார் என்று இரண்டு தடவை கேட்டாய். மார்ச் மாதமே சொல்லிவிட்டார். மூன்று மாதம் இல்லை, இனி எப்போதுமே ஐந்து கிலோவுக்கு மேல் நான் தூக்கக் கூடாது. டீச்சரின் ஒரு கைகூட அதைவிடக் கனம். நீ பிடித்து வைத்திருக்கிற இடத்தில் என்னால் உட்கார முடியாது. அது தெரிந்துதான் உன்மேல் எரிந்து விழுந்தேன்.

பதில் எழுதக் கை வலித்தால் எழுதாதே. திட்ட வேண்டும் என்றால் உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பு, ஒரு வார்த்தை குறையாமல் சொல்லச் சொல்.

உன் அண்ணி
சரளா


ஈப்போ
26.5.2024

அண்ணிக்குச் சாந்தினி. இடது கையால் எழுதுகிறேன், இரண்டு நாளாக எழுதுகிறேன். உங்கள் இடுப்பை நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

நீங்கள் எழுதியபடியே செய்து பார்த்தேன். முழங்காலில் முட்டுக்கொடுத்து, மூன்று எண்ணி, இன்னும் நாலு எண்ணிக் காத்திருந்தேன். டீச்சர் எழவில்லை. மறுபடியும் காத்திருந்தேன். டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார்கள்.

கிளென் ஏற்பாட்டில் ஷர்மினி என்று உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கும் பெண் புதன்கிழமை வீட்டுக்கு வந்தாள். என் தோளையும் பார்த்தாள், டீச்சரின் காலையும் பார்த்தாள். அந்த இடது காலில் தெம்பே இல்லை அண்ணி. டீச்சரே சொல்லிவிட்டார்கள், போன தீபாவளியோடு போய்விட்டதாம். வெளியே தெரிந்தால் காம்பாரில் இருக்கிற முதியோர் இல்லத்தில் கிளென் சேர்த்துவிடுவான் என்று மறைத்தார்களாம்.

"சரளாவுக்குத் தெரியும்னு நெனைச்சேன். தெரிஞ்சும் தெரியாத மாதிரி தூக்குறான்னு நெனைச்சேன்" என்றார்கள். தீபாவளியிலிருந்து தைப்பூசம்வரை முழுப் பாரத்தையும் நீங்கள்தான் சுமந்திருக்கிறீர்கள். பாதிதான் தூக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டே.

அதனால் உங்கள் ரகசியத்தை நீங்கள் முன்னாலேயே எழுதியிருந்தாலும் எனக்கு உதவியிருக்காது. என் தோள் போனது ஈஸ்டர் அன்று, காடிக்குள்ளிருந்து இழுக்கும்போது. நீங்கள் சரியாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் முடியாது என்று சொன்னதால்தான் நான் செய்தேன். சொல்கிறேன், கேளுங்கள். இந்த நாலு மாதத்தில் டீச்சர் ஒரு தடவைகூட என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சரளா, தண்ணி." "சரளா, மின்விசிறியைக் குறை." நானும் ஆங் என்று போவேன். முடியை வெட்டினாலும், டாமில் வேண்டுமென்றே தோற்றாலும் சரளாதான். தேவாலயத்துக்குக் கூட்டிப்போனால் ஒரு தடவையாவது சாந்தினி என்பார்கள் என்று நினைத்தேன். காடியிலிருந்து இறங்கி "தேங்க்ஸ் சரளா" என்றார்கள். அப்போது தோள் வலிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்துதான் வலித்தது.

முடியாது என்று சொன்னால் உங்கள் இடம் போய்விடும் என்று பயந்து, ஒரு கையோடு இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். இனி முடியாது. தூக்கும் மெஷின் வைத்தால் வீட்டிலேயே இருக்கலாம் என்கிறாள் ஷர்மினி. தேவாலயத்தில் ஒன்று சும்மா கிடக்கிறதாம், கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வலைத்துணியில் உட்கார வைத்து, பிடியைச் சுற்றினால் தூக்கும். டீச்சர் அதன் பக்கமே திரும்பவில்லை. "செத்தாலும் அதுல ஏற மாட்டேன்" என்கிறார்கள். கிளென் ஒரு வாரம் லீவு போட்டு வருகிறான். அதற்குள் ஏறவில்லை என்றால் காம்பார்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் செமோருக்குப் போகிறேன், ஒரு வாரம் தோளுக்கு ஓய்வு. நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்கள். நான் சொல்லிக் கேட்கவில்லை.

சாந்தினி


ஈப்போ, டீச்சர் வீட்டு அடுப்படி
9.6.2024

என் சாந்தினிக்கு, உன் அண்ணி மேசையில் உட்கார்ந்து எழுதி, சர்க்கரை டின்னுக்கு அடியில் வைப்பது. நாளை நீ வரும்போது நான் குளினிக்கில் இருப்பேன். தோள் எப்படி இருக்கிறது? என் இடுப்பு லாரியில் குலுங்கி வந்ததற்கு ஒரு நாள் மட்டும் கோபித்துக்கொண்டது.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆறு வருஷம் அந்தக் காலைத் தேய்த்துக் கழுவியவளுக்கு அது போனது தெரியவில்லை. நூறு விஷயம் தெரியும் என்று உனக்கு எழுதினேன். இந்த ஒன்று தெரியவில்லை. நாலு எண்ணி முடிக்கும் முன்பே பழக்கத்தில் நானே தூக்கியிருக்கிறேன் போல.

திங்கள்கிழமை வந்தேன். கிளென் பாசாருக்குப் போயிருந்தான், வீட்டில் நானும் டீச்சரும்தான். அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் மெஷின் கதை.

இரண்டு நாள் ஒத்துக்கொள்ளவில்லை. "வலையில புடிச்ச மீன் மாதிரி தொங்கணுமா நான்?" என்றார்கள்.

"மீன் எழுபத்தெட்டுக் கிலோ இருந்தா பாசார்ல படம் எடுப்பாங்க டீச்சர்" என்றேன்.

"கிண்டலா?"

"கிண்டல்தான். இடுப்பு போச்சு, வாய் போகலையே."

அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். "டீச்சர், தெரிஞ்சு தூக்கினேன்னு நெனைச்சீங்களாமே. தெரிஞ்சிருந்தா தூக்கியிருக்க மாட்டேன். எனக்கு இடுப்பு வேணும். சாந்தினிக்குத் தோள் வேணும். எங்க பாசத்தை எங்க எலும்புல பார்க்காதீங்க."

டீச்சர் இடது கையால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். பிறகு, "விழுந்திடுவேன்னு பயம் லா. உங்க கழுத்தைப் பிடிச்சாத்தான் பயம் போகும்" என்றார்கள்.

அவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எனக்கு. வலைத்துணியை அடியில் விரித்தேன், கிளென் பிடியைச் சுற்றினான், நான் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். குனியவில்லை, சாந்தினி, நிமிர்ந்து நின்றேன். டீச்சர் என் உயரத்துக்கு மேலே வந்ததும் இடது கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். எடையே இல்லை. வெறும் கை. ஆறு வருஷத்தில் அந்தக் கை எவ்வளவு சூடு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஏறுகிறார்கள். காம்பார் பேச்சு நின்றுவிட்டது. பதினைந்து நாள் நீ, பதினைந்து நாள் நான், கிளெனிடம் சொல்லிவிட்டேன். பிடியைச் சுற்ற ஒரு கை போதும், அதுவும் இடது கை.

இனி அந்தத் திங்கள்கிழமை விஷயம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாலு மாதம் கழித்துப் பார்க்கப் போகிறோமே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். டீச்சர் என்னைப் பார்த்தார்கள். வா என்று சொல்லவில்லை, இடுப்பு எப்படி என்று கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்து, "சாந்தினி எங்கே? சாந்தினி வரலையா?" என்றார்கள்.

இரண்டு தடவை. உன் பெயரைத்தான், தெளிவாக.

எனக்குப் பற்றி எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. இதை எழுதாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரியவே போவதில்லை, கேட்டவள் நான் ஒருத்திதான். ஆறு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதிவிட்டேன். பசியாறிவிட்டு டீச்சர் அறைக்குப் போ.

உன் அண்ணி
சரளா